எழும்பி நின்று வரவேற்ற குற்றம்

1. யார் வாடிக்கையாளர்?

வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சியில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்த முதல் நாள், முதலாளியம்மா மதாம் லூசெட் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "எங்களுடைய வாடிக்கையாளர் யார்?"

இதில் என்ன சோதனை இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அதற்கு முன் பல வருடம் நான் பிரெப்போசேயாக வேலை செய்தவள். வீடு வீடாகப் போய், எழும்ப முடியாதவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றிவிடுகிற ஆளுக்கு இந்த மொன்றியலில் அதுதான் பெயர். என் முதுகு இனி ஏலாது என்று கையை விரித்த பிறகுதான் செயின்ட்-மிஷேல் பகுதியில் அந்த அலுவலகத்து மேசை கிடைத்தது. ஆகவே தயங்காமல், "நோயாளிகள்" என்றேன்.

மதாம் லூசெட் சிரித்தார். "நோயாளிக்கு நாங்கள் சேவை செய்கிறோம். வாடிக்கையாளர் என்பவர் பணம் கட்டுகிறவர். இரண்டையும் குழப்பினால் நீ இந்தக் கதிரையில் நிலைக்கமாட்டாய்."

கெட்ட மனுசி இல்லை அவர். அவருடைய தாயாரும் இப்படிப் பராமரிப்பில் இருந்து போனவர்தான். ஆனால் மாத முடிவில் இத்தனை பிரெப்போசேக்களுக்குச் சம்பளம் போட வேண்டும். பணம் கட்டுகிறவருடன் பகைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வாயில் இதற்குப் பெயர் தேர்ட் பார்ட்டி பில்லிங். நோயாளி ஒருவர், ஏஜென்சி ஒருவர், நடுவில் பணம் கட்டும் மூன்றாம் ஆள். சில வேளை அது உள்ளூர்ச் சுகாதார நிலையம். சில வேளை வாகன விபத்துக் காப்புறுதி, வேலையிடத்துக் காயக் காப்புறுதி, இல்லாவிட்டால் தனியார் கொம்பனி. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சட்டம். ஒருவர் குளிப்பாட்டக் கட்டுவார், சமைக்கக் கட்டமாட்டார். இன்னொருவர் சமைக்கக் கட்டுவார், ஆனால் நோயாளி சாப்பிட்ட கோப்பையை மட்டும்தான் கழுவலாம். பக்கத்தில் கிடக்கும் மனைவியின் கோப்பையில் கை வைக்கக்கூடாது. பிரெப்போசே பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்துக்கு ஒருவருமே கட்டுவதில்லை.

எல்லாருக்கும் பொதுவானது ஒன்று, முன் அனுமதி. அனுமதி இல்லாமல் எங்கள் ஆள் ஒரு கதவைத் தட்டினால் அது தர்மக் கணக்கு. அந்த அனுமதியைத் தீர்மானிப்பவர் மருத்துவர் என்று நினைக்காதீர்கள். மூன்றாம் ஆள் அனுப்புகிற மதிப்பீட்டாளர்தான் தீர்மானிக்கிறார். அவர் நோயாளியின் வீட்டுக்கு வந்து, கொஞ்ச நேரம் இருந்து, பார்த்ததை எழுதிக்கொண்டு போவார். அவர் பார்த்த அந்தக் கொஞ்ச நேரம்தான் அடுத்த ஆறு மாத வாழ்க்கை.

2. பிறந்தநாள் வீட்டில் வாங்கின பொலிசி

நடேசன் அண்ணை மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். யாழ்ப்பாணத்து ஆள். பெரிய உடம்பு, பெரிய குரல். நகரின் மேற்குக் கோடியில், பியர்பொன்ட்ஸில் ஒரு சின்ன பங்களோ வாங்கிக் கடனைக் கட்டி முடித்த கையோடு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. கதை கொஞ்சம் இழுத்தாலும் விளங்கும். புத்தி பழைய புத்திதான்.

மனைவி பவளம் அக்கா அவருடைய தோள் உயரம்கூட இல்லை. ஒரே மகன் கல்கரியில். அவன் வாரம் ஒருமுறை வீடியோவில் வந்து ஆங்கிலத்தில் அழுவான்.

இவர்களுக்கும் ஒரு நல்ல காலம் இருந்தது. பல வருடத்துக்கு முன் யாரோ வீட்டுப் பிறந்தநாள் விழாவில் ஒரு தமிழ் இன்சூரன்ஸ் ஏஜென்ட் அண்ணையைப் பிடித்து, "அண்ணை, நாளைக்கு விழுந்தா ஆர் பாக்கிறது?" என்று கேட்டு ஒரு நீண்டகாலப் பராமரிப்புப் பொலிசியைத் தலையில் கட்டியிருந்தார். எங்கள் சனம் பிறந்தநாள் வீட்டில் வாங்கின பொலிசிகளில் உண்மையாகவே பிரயோசனப்பட்டதாக நான் கண்டது இது ஒன்றைத்தான்.

அதில் இரண்டு வகை இருந்ததாம். வீட்டிலும் பராமரிப்பு இல்லத்திலும் செல்லுபடியாவது ஒன்று. வீட்டில் மட்டும் செல்லுபடியாவது மற்றது. அது மலிவு. அண்ணை மலிவானதை எடுத்தார். ஆனால் காசுக்காக இல்லை. எனக்கு அவரே சொன்னார்: "ஹோமுக்கு ஆர் போறது, பிள்ளை? செத்தாலும் என்ர வீட்டிலதான் எண்டு அவனுக்கு அப்பவே சொல்லிப்போட்டன்."

இந்த வசனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொலிசி ஆறு செயல்களைப் பார்க்கும்: குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, மலசலகூடம் போவது, அதுவரை மலசலத்தை அடக்கி வைப்பது, கட்டிலிலிருந்தும் கதிரையிலிருந்தும் எழும்பி இடம் மாறுவது. எதெதில் உதவி வேண்டுமோ அததற்குத்தான் மணித்தியாலம். அண்ணைக்கு முதலில் காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை அனுமதி கிடைத்தது. நான் அனுப்பியது சுகந்தியை. திருகோணமலைப் பிள்ளை, கை பலம், வாயும் பலம். காலையில் குளிப்பாட்டிக் கதிரையில் இருத்துவாள். பின்னேரம் வந்து கதிரையிலிருந்து கொமட்டுக்கும், பிறகு கட்டிலுக்கும் மாற்றிவிடுவாள்.

பின்னேரம் வருகிறதுதான் அந்த வீட்டின் அச்சாணி. அது இருந்தால் அண்ணை வீட்டில் இருக்கலாம். அது இல்லாவிட்டால் பவளம் அக்கா தன்னைவிட இரண்டு மடங்கு ஆளைத் தனியே தூக்க வேண்டும். ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காத அந்த இரண்டு சீவனும் சேர்ந்து இருப்பதா, பிரிவதா என்பது அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

3. விருந்தாளி

ஆறு மாதத்தில் மறுமதிப்பீடு வந்தது. நான் முதல் நாளே பவளம் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, நாளைக்கு மதிப்பீட்டுக்காரி வரேக்க அண்ணை எப்பவும் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொன்னாக் காணும்."

"ஓம் பிள்ளை, ஓம் ஓம். எங்களுக்குத் தெரியாதே."

அந்தக் கடைசி ஓமில் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. மதாம் லூசெட்டிடம் கேட்டு நானும் போனேன். ஏஜென்சி ஆள் மதிப்பீட்டில் இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது.

கதவு திறந்ததும் சாம்பிராணி வாசம். தரை துடைத்துப் பளபளத்தது. மேசையில் ரோல்ஸ், பற்றிஸ், கேக், கப் சோசர். கொமட் கதிரையைக் காணவில்லை. வீல்செயாரையும் காணவில்லை.

"எங்க அக்கா வீல்செயார்?"

"கராஜுக்க வச்சிட்டன். வாற ஆக்கள் உதைப் பாத்துக்கொண்டே சாப்பிடுறது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கராஜில் மறைத்தவரை அன்றைக்குத்தான் கண்டேன். அண்ணை மெத்தைச் செற்றியில் இருந்தார். சவரம் எடுத்து, வெள்ளைச் சேட்டு அயன் பண்ணிப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்திருந்தார். ஏலாத கை மடியில் அழகாக வைக்கப்பட்டிருந்தது. அவரை அப்படி இருத்துவதற்குச் சுகந்தி பட்ட பாட்டை அவள் பிறகு சொன்னாள்.

"அண்ணை, கட்டிலில கிடந்திருக்கலாமே" என்றேன்.

"வீட்டுக்கு ஒரு மனிசி வரேக்க நான் கட்டிலில கிடக்கிறதே? நல்ல கதை."

வாதாட நேரமில்லை. மணி அடித்தது. பவளம் அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். மதிப்பீட்டாளர் ஒரு தாதி, இளம் பெண், நல்ல முகம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. அண்ணை இடக்கையால் மேசை விளிம்பைப் பிடித்தார். முகம் சிவந்தது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் அந்த மனிதர் எழும்பி நின்றுவிட்டார். நிமிர்ந்து, சிரித்துக்கொண்டு, "போன்ஜூர், மதாம்! வாங்கோ, சிட், சிட்" என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அவர் உண்மையாகவே சந்தோசப்பட்டார்.

பிறகு கேள்விகள். சேட்டுப் பொத்தானைத் தானே பூட்டுவாரா? "எஸ், எஸ்." மலசலகூடம்? "நோ ப்ராப்ளம்." வலி இருக்கிறதா? "நல்ல சுகம்." பவளம் அக்கா பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டபோதும், "அவர் எல்லாம் தானே செய்வார், எனக்குக் கரைச்சல் தாறேல்ல" என்றார். நான் அதை மொழிபெயர்க்க வேண்டிய நிலை. மொழிபெயர்த்துவிட்டு, "மதாம், இவர்கள் மரியாதைக்காக இப்படிச் சொல்கிறார்கள்" என்று தொடங்கினேன். அவர் கை உயர்த்தினார். "மன்னிக்க வேண்டும். நான் மிசியுவிடமிருந்துதான் கேட்க வேண்டும்."

அதுவும் நியாயம்தான். பல இடங்களில் ஏஜென்சிக்காரர் வாய் கொடுத்து மணித்தியாலம் கூட்டுவது எனக்கே தெரியும்.

புருசன் முன்னால் வைத்து, அவர் களிசானோடு ஈரம் போகிறார் என்று ஒரு வெளி ஆளுக்குச் சொல்ல எங்கள் பெண்களில் எத்தனை பேருக்கு வாய் வரும்? பவளம் அக்கா பொய் சொல்லவில்லை. புருசனின் மானத்தைக் காப்பாற்றினார். அந்தத் தாதி ஒரு பற்றிஸ் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, மெர்சி சொல்லி, அண்ணையின் நல்ல கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அவர் கார் எடுக்கும் சத்தம் கேட்டது. அண்ணை செற்றியில் பக்கவாட்டில் சரிந்தார். வெள்ளைச் சேட்டு நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. களிசானும் நனைந்திருந்தது. நானும் அக்காவும் இரண்டு பக்கம் பிடித்தும் நிமிர்த்த முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினார். வாங்கிக்கொண்டே கேட்டார்: "மரியாதையாத்தானே நடந்தனான்?"

பவளம் அக்கா, "ஓம், ஓம், வடிவா நடந்தனீங்கள்" என்றார்.

4. "இது மருத்துவக் காரணமா?"

அறிக்கை வந்தது. அதில் ஒரு பொய் இல்லை. நோயாளி உதவியின்றி இருக்கையிலிருந்து எழுந்து நின்றார், விருந்தோம்பல் நிறைந்தவர், மனநிலை சிறப்பு, மனைவி சுமையை உணரவில்லை. இடம் மாறுவதற்கான உதவி நிறுத்தம். குளிப்பாட்டல் மட்டும் தொடரும்.

பின்னேரம் வருகிறது போய்விட்டது.

கொம்பனியின் கேஸ் ஏஜென்டுக்குப் போன் எடுத்தேன். மரியாதையான குரல். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எழும்பி நின்றது அந்த ஒரு தரம்தான், அதற்குப் பிறகு மூன்று நாள் கட்டிலில் கிடந்தார் என்றேன்.

"மதாம், எங்கள் மதிப்பீட்டாளர் கண்ணால் கண்டிருக்கிறார்."

"எங்கள் ஆட்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் எழும்பி நிற்பார்கள். செத்துக்கொண்டிருந்தாலும் எழும்பப் பார்ப்பார்கள். அது பழக்கம்."

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "இது மருத்துவக் காரணமா?"

நான் போனை வைத்துவிட்டு மலசலகூடத்துக்குப் போய் முகத்தைக் கழுவினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் நல்லவர், அவரை அனுப்பியவரும் நல்லவர், கேஸ் ஏஜென்டும் மரியாதைக்காரர். யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது உடம்பைத்தான் தின்னும்.

மேன்முறையீடு போட்டோம். குடும்ப மருத்துவரின் கடிதமும் வைத்தோம். அடுத்த மறுமதிப்பீடு வரை பொறுக்கும்படி பதில் வந்தது. உள்ளூர்ச் சுகாதார நிலையத்திலும் பதிந்தோம். அவர்கள் தங்களால் இயன்ற கொஞ்ச நேரத்தைத் தந்தார்கள், அதுவும் காலையில். காத்திருப்போர் நிறையப் பேர் என்றார்கள். உண்மைதான், அந்த வரிசையில் எங்கள் வேறு நோயாளிகளும் நின்றார்கள்.

சுகந்தி மட்டும் யாரையும் கேட்கவில்லை. வேலை முடிந்து போகிற வழியில் அவர்கள் வீட்டில் இறங்கி அண்ணையைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மதாம் லூசெட்டுக்குத் தெரிந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

"அனுமதியில்லாத நேரத்தில் அவர் விழுந்தால் எங்கள் காப்புறுதி காப்பாற்றாது. உன் முதுகு போனாலும் ஒருவரும் கட்டமாட்டார்கள். இனிப் போகாதே."

வெளியே வந்த சுகந்தி என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "அக்கா, அந்த மனிசி தனிய எப்பிடித் தூக்கும்? நீங்களே சொல்லுங்கோ பாப்பம்."

முதலாளியம்மா சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. சுகந்தி கேட்டதும் சரி. பிறகு அவளுக்குப் பின்னேரத்தில் கிழக்குப் பக்கம் இரண்டாவது வேலை கிடைத்தது. வழியில் இறங்கிப் போவதும் நின்றுபோனது.

5. கோயிலில் கிடைத்த புத்தி

மாரி நடுவில் பனி கொட்டிய ஒரு நாள் பவளம் அக்காவுக்குத் தோள் சவ்வு கிழிந்தது. கொமட்டிலிருந்து தூக்கும்போது அண்ணை வழுக்க, அவர் விடாமல் பிடித்திருக்கிறார். விட்டிருந்தால் அண்ணை விழுந்திருப்பார். இரண்டு பேரும் குளியலறைத் தரையில், ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

அதை வைத்து அவசர மறுமதிப்பீடு கேட்டேன். கொம்பனி ஒப்புக்கொண்டது. எனக்கு நம்பிக்கை வந்தது. இந்தமுறை ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, அக்காவின் கைக்கட்டே சாட்சி. "அக்கா, சோடிக்கவும் வேண்டாம், நடிக்கவும் வேண்டாம். ஒரு சாதாரண நாள் எப்பிடியோ அப்பிடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆனால் அதற்குள் எங்கள் சனத்தின் புத்திமதி என்னை முந்திவிட்டது. கோயிலில் அக்காவின் கைக்கட்டைப் பார்த்து எல்லாரும் விசாரித்திருக்கிறார்கள். கார் விபத்து கேஸில் வென்ற ஒருவர் அவரைப் பிடித்து மடப்பள்ளிப் பக்கம் வைத்து வகுப்பே எடுத்திருக்கிறார்.

"நீங்கள் போன முறை சுத்தபத்தமாக் காட்டினபடியாத்தான் வெட்டினவை. உவைக்கு அழுதுதான் காட்ட வேணும். ஒரு கிழமை வீட்டைக் கூட்டாதையுங்கோ. தேத்தண்ணி கீத்தண்ணி ஒண்டும் குடுக்காதையுங்கோ. அண்ணையை வாய் திறக்க விடாதையுங்கோ. நான் கழுத்துப் பட்டியை நித்திரையிலயும் கழட்டேல்ல, தெரியுமோ?"

ஒருமுறை மரியாதையால் தோற்ற பெண்ணுக்கு அது தேவவாக்காகப் பட்டிருக்கிறது. நான் சொன்ன நடுவழி காணும் என்று அவருக்குப் படவில்லை.

அதே தாதிதான் வந்தார். வீட்டு வாசலில் பனி தள்ளப்படவில்லை. உள்ளே திரைகள் மூடிக் கிடந்தன. குசினியில் சட்டிபானை குவிந்து மணத்தது. அண்ணை பின்னறைக் கட்டிலில், பல நாள் தாடியோடு, பழைய சாரத்தோடு கிடந்தார். சுகந்தியைக்கூடக் காலையில் வர வேண்டாம் என்று அக்கா மறித்திருக்கிறார். படுக்கை நனைந்திருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தாதி, "போன்ஜூர், மிசியு நடேசன்" என்றார்.

அண்ணை பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று கட்டளை. அவர் மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்த ஆளுக்கு முகம் கொடுக்காமல் அந்த மனிதர் கிடந்தது அவர் வாழ்நாளில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். அவர் கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. பவளம் அக்கா நடிக்கத் தொடங்கிய அழுகையும் பாதியில் உண்மை அழுகையாகிவிட்டது. பல மாதத்து அழுகை அது, நிறுத்த முடியவில்லை.

தாதி அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அண்ணையின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். சிவந்து தோல் உரியத் தொடங்கிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியபடி என்னிடம் சொன்னார்: "இவர்களை இப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது."

இப்படியே விடாவிட்டால் வேறு எங்கே என்ற கேள்வி எனக்கு அப்போதே வந்தது.

இந்தமுறை அறிக்கை எல்லாச் செயலுக்கும் முழு உதவி தேவை என்று சொன்னது. நாங்கள் கேட்டது அத்தனையும் கிடைத்தது. அடுத்த பந்தியில், வீட்டுச் சூழல் பாதுகாப்பற்றது, மனைவி பராமரிக்கும் நிலையில் இல்லை, உடனடியாகப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றப் பரிந்துரை. அதற்கடுத்த வாரம் கொம்பனி அறிவித்தது: பாதுகாப்பான வீட்டில் வழங்கப்படும் சேவைக்கு மட்டுமே இந்தப் பொலிசி பணம் கட்டும். இல்லத்துக்குக் கட்டாது.

செத்தாலும் என் வீட்டில்தான் என்று சொல்லி வாங்கின பொலிசி அது.

போன முறை வீட்டில் உதவி தேவைப்படாத அளவுக்குச் சுகமானவர். இந்த முறை வீட்டில் உதவி செய்ய முடியாத அளவுக்கு நோயாளி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் மாதக்கணக்காக வாழ்ந்துகொண்டிருந்தார். அவரை மட்டும் ஒருவரும் மதிப்பிடவில்லை.

கேஸ் ஏஜென்டிடம் கெஞ்சினேன். வீட்டைச் சுத்தமாக்கிக் காட்டுகிறோம், திரும்ப ஒரு தரம் வந்து பாருங்கள் என்றேன். "மதாம், பாதுகாப்பற்றது என்று எழுதப்பட்ட வீட்டுக்கு நாங்கள் ஆள் அனுப்பி ஏதாவது நடந்தால் பொறுப்பு யார்?" என்றார். மதாம் லூசெட்டும் அதையேதான் கேட்டார். பிறகு கேஸ் குளோஸ் என்று சொல்லி, பலகையில் நடேசன் அண்ணையின் பெயரைத் தன் கையால் அழித்தார். அன்றைக்குப் பிறகு வாடிக்கையாளர் யார் என்ற கேள்வியை அவர் புதிதாக வருகிறவர்களிடம் கேட்டு நான் காணவில்லை.

அரசாங்க இல்லத்தில் முதலில் காலியான கட்டில் நகரின் மற்றக் கோடியில், கிழக்கில் கிடைத்தது. மறுத்தால் வரிசையில் பின்னுக்குப் போக வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும்போது அண்ணை தன் வீட்டுக் கதவுப் பிடியை இடக்கையால் பிடித்துக்கொண்டார் என்று அன்றைக்கு அங்கே போயிருந்த சுகந்தி சொன்னாள். பவளம் அக்காதான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாராம்.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

இப்போது நான் புது ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது சின்ன விசயம். மதிப்பீடு முடிந்து மதிப்பீட்டாளர் போனபின் நீங்கள் போகாதீர்கள். இருந்து, அடுத்து நடப்பதைப் பாருங்கள். பார்த்ததை அன்றைக்கே எழுதிக் கொம்பனிக்கு அனுப்புங்கள். எங்கள் சனத்தின் நோய் விருந்தாளி போனபிறகுதான் வெளியே வரும். அதைக் கொம்பனி வாசிக்குமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். பெரும்பாலும் வாசிக்காது என்றேன். பிறகு ஏன் அனுப்ப வேண்டும் என்றாள். எங்கேயாவது ஒரு இடத்தில் உண்மை கிடக்கட்டும் என்றேன்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். அதைப் பயிற்சியில் சொல்வதில்லை. பணம் கட்டுகிறவர்கள் எல்லாரும் விழுந்த உடம்புக்குத்தான் கட்டுகிறார்கள். எழும்பப் பார்க்கிற மனதுக்கு ஒரு பொலிசியிலும் இடமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பவளம் அக்காவுடன் அண்ணையைப் பார்க்கப் போனேன். பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ், பிறகு மெட்ரோ, பிறகும் பஸ். அக்கா ஒரு கையால்தான் எல்லாம் செய்கிறார். மற்றக் கை தோளுக்கு மேல் போகாது. பையில் பிளாஸ்கும் ஒரு பெட்டி பற்றிஸும் இருந்தன. அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்காம். "குடுத்தா அவரை நல்லாப் பாப்பினம்" என்றார்.

அண்ணை யன்னலோரம் கதிரையில் இருந்தார். இடுப்பில் பட்டி. நன்றாக மெலிந்திருந்தார். தூரத்தில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. என்னைக் கண்டதும் முகம் விரிந்தது.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ."

இடக்கை கதிரைக் கைப்பிடியைத் தேடியது. முகம் சிவந்தது. உடம்பு ஒரு சாண்கூட உயரவில்லை, கதிரைக்குள் இருந்த அலாரம் கத்தத் தொடங்கியது. பிரெப்போசே ஒருத்தி ஓடி வந்து அவருடைய தோளில் கை வைத்து அழுத்தினாள். "அஸி, மிசியு, அஸி!" இருங்கோ, இருங்கோ என்று அர்த்தம். அலாரத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "நாள் முழுக்க இதுதான். யார் உள்ளே வந்தாலும் எழும்பப் பார்க்கிறார்."

அவள் போகத் திரும்பினாள். பவளம் அக்கா அவளை மறித்து, ஒற்றைக் கையால் பற்றிஸ் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

அண்ணை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "குறை நினையாதையுங்கோ, பிள்ளை" என்றார். "இஞ்ச எழும்ப விடுகினமில்லை."